ஆறு மாதத்தில் லைசென்ஸ் என்று வாங்கிய 42,000 ரூபாயைத் திருப்பித் தருவது குறித்து

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது புகார். முதல் மூன்றும் மெயில். மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில், எண் மட்டும் வேறு. அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஜனவரி பேட்ச், எலக்ட்ரீஷியன் டிப்ளமோ, காலை வகுப்பு. மற்றதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். "ஆறே மாசம், கையில லைசென்ஸ்" என்றுதான் உங்கள் கவுன்சிலர் சேர்த்தார். நோட்டீஸிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறீர்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினேன்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். அன்ரிசர்வ்டில் இடம் கிடைக்காமல் ராத்திரி முழுக்கக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து சென்னை போய்ச் சேர்ந்தேன். எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி. மின் உரிம வாரிய அலுவலகத்தில் இருந்தவர் உங்கள் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தங்கக் கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே தவிர, எந்த அரசுத் துறையின் பெயரும் அதில் இல்லை. "ஐ.டி.ஐ. முடிச்ச என்.டி.சி. இருக்கா தம்பி?" என்று தேசியத் தொழிற்சான்றிதழைக் கேட்டார். இல்லை என்றேன். "இதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுப்பா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் டிரேடு படிக்க வேண்டுமாம். இல்லையென்றால் 21 வயது நிரம்பி, வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவத்தோடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வை எழுத வேண்டும். அதில் தேறினாலும் உதவியாளர் சான்றிதழ்தான் வரும். இந்த இரண்டு வழியிலும் உங்கள் ஆறு மாதம் எங்கே வருகிறது? எலக்ட்ரிகல் பாடம் நடத்தும் உங்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

அன்று மாலையே உங்கள் ஆபீசுக்கு போன் செய்தேன். எடுத்த பெண், நான் பேசி முடிக்கும் முன்பே, "வயர் இழுக்கிற ஆளுக்கு இவ்வளவு கேள்வியா?" என்றார். எழும்பூர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன். ஆமாம், நான் வயர் இழுக்கிறவன்தான். அந்த ஆபீசில் அவர் தலைக்கு மேல் ஓடும் ஃபேனுக்கும் எவனோ ஒருவன் வயர் இழுத்திருக்கிறான். அந்தக் கால் ரெக்கார்டிங்கை நீங்களே கேட்டுப் பாருங்கள், தயவுசெய்து.

வகுப்பைப் பற்றியும் சொல்கிறேன். பிளைவுட் பலகையில் மாடிப்படி லைட் கனெக்‌ஷன், அதையே மூன்று வாரம் போட்டோம். வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவி ஒன்று கண்ணாடி அலமாரியில் பூட்டியே இருந்தது. 500 வோல்ட்டில் இன்சுலேஷன் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுத வைத்தீர்கள், ஆனால் மெக்கரை ஒருநாள்கூடக் கையில் தரவில்லை. எர்த் குழியைப் படத்தில் மட்டும்தான் பார்த்தோம். இதையெல்லாம் விட நிறைய எங்கள் ஊர் காண்ட்ராக்டர் அண்ணாச்சியிடம் சம்பளத்தோடு கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் அவரிடம்தான் இருந்தேன். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் லைசென்ஸ் அவரிடம் இருக்கிறது. உங்கள் காலை வகுப்புக்காக அந்த வேலையை விட்டேன். இப்போது அங்கே வேறு பையன்.

ஃபீஸ், ஆறு மாதச் சம்பளம், அடகு வட்டி, சென்னை போய்வந்த செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் எனக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் நஷ்டம். நான் கேட்பது 42,000 மட்டும். 15 நாள் தருகிறேன். நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம், எனக்கும் சண்டை வேண்டாம். பணம் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை அங்கே மனுவுக்குக் கட்டணமே கிடையாது, விசாரித்துவிட்டேன். உங்கள் நோட்டீஸையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சான்றிதழின் நகலைத்தான் இணைத்திருக்கிறேன். அசல் என்னிடமே இருக்கட்டும், வழக்குக்கு வேண்டும். அதில் என் இனிஷியலும் தப்பு.

இப்படிக்கு,
ஜனவரி பேட்ச் மாணவன்