கன் வாங்குவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள்: லாரி உரிமையாளர்களுக்கும் கொள்முதல் பார்ப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும், அவர்களுக்காகக் கருவி வாங்கும் சார்களுக்கும்,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சொந்த ஷெட் வைத்து லாரி ஓட்டும் எல்லோருக்கும் சேர்த்துத்தான், ஷெட்டில் வேலை செய்யும் ஒரு மெக்கானிக்காக இதை எழுதுகிறேன். வேலைக்கார பையன் ஒருவனின் கை முறிந்தது எந்த ஷெட்டில், யார் வாங்கிக் கொடுத்த கன் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் பெயர் வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். வீல் நட்டை அடித்தடித்துக் கழற்றவும் முறுக்கவும் உதவும் இம்பாக்ட் கன் வாங்குவதற்கு முன், அதைப் பிடித்து வேலை செய்யப்போகிறவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூன்று கொட்டேஷன் வாங்கி, எது விலை குறைவோ அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன், கடைக்காரரை அந்தக் கன்னோடு ஷெட்டுக்கு வரச் சொல்லி, நம்முடைய கம்ப்ரசர் காற்றில், நம்முடைய வண்டியின் வீல் நட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கத்திரி வெயிலில் நடந்ததைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்து டயர் வண்டி, லோடோடு வந்தது, பின்னால் உள் டயர் பஞ்சர். புதிதாக வந்த அரை இன்ச் கன்னை எடுத்தோம் (அரை இன்ச் என்பது நட்டைப் பிடிக்கும் பாக்ஸை மாட்டும் சதுர முனையின் அளவு). பெட்டியில் முறுக்கு விசை 1200 நியூட்டன் மீட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வைத்து அழுத்தினால் தடதடவென்று அடிக்கிறது, மரை ஓரத்தில் இருந்த செந்துரு பொடிப்பொடியாக உதிர்கிறது, நட் மட்டும் அசையவே இல்லை. டிரைவர் நேரமாகிறது என்கிறார், ஆபீஸில் இருந்து போன்மேல் போன். அப்புறம் என்ன, வீல் ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் ஜி.ஐ. பைப்பைச் சொருகி, ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் லாரியின் சைடு பலகையைப் பிடித்துக்கொண்டு பைப்பின் நுனியில் ஏறி மிதித்தான். ஸ்பேனர் நழுவியது. கீழே கான்கிரீட்டில் கையை ஊன்றி விழுந்தான், மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது. வீங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் முதலில் கேட்டது, "இன்னாணா, வண்டி டைமுக்குக் கிளம்பிடுமா?" என்றுதான்.

அன்று சாயந்திரம் ஆபீஸில் இருந்து வந்த கேள்வி, "புது கன் வாங்கிக் கொடுத்த பிறகும் எதுக்குப் பைப் போட்டீங்க?" என்பது. மரியாதைக்காக அன்று வாயைத் திறக்கவில்லை. பதிலை இப்போது சொல்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் பெரிய நம்பர் பெரும்பாலும் நட்டைக் கழற்றும் திசையில், மிகச் சாதகமான நிலையில் அளந்தது. அதுவும் கன்னுக்குள் காற்று நுழையும் வாயில் 90 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருந்தால்தான். ட்ரிக்கரை அழுத்தாமல் பார்த்தால் போதாது, அழுத்திப் பிடித்திருக்கும்போது 90 இருக்க வேண்டும். நம் ஷெட்டில் இருப்பது 5 எச்.பி. கம்ப்ரசர், அதிலிருந்து வண்டி நிறுத்தி வேலை பார்க்கும் கடைசி பே வரைக்கும் பெயின்ட் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் மெல்லிய ஹோஸ், நடுநடுவே ஹோஸை இணைக்கும் கால் இன்ச் கப்ளர்கள். டேங்க் மீட்டர் 120 காட்டும், கன் ஓடும்போது அதன் வாயில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 60 பக்கத்துக்கு இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை, கன் மாட்டும் இடத்தில் ஒரு 'டி' வடிவ இணைப்பு போட்டு மீட்டரை வைத்து ட்ரிக்கரை அழுத்தினால் தெரிந்துவிடும். கன் வாங்கும்போது யாராவது இதைப் பார்த்தார்களா? குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கம்பெனி கன் வாங்கினாலும் இதே கதைதான்.

அரை இன்ச் கன் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிராக்கெட், பம்பர், இன்ஜின் பக்கத்துச் சின்ன போல்ட்டுகளுக்கு அதுதான் கைக்கு அடக்கம். யூ போல்ட், சஸ்பென்ஷன் வேலைக்கு முக்கால் இன்ச். பின் சக்கரத்துக்கு ஒரு இன்ச்தான், அதுவும் நீள ஆன்வில் (பாக்ஸ் மாட்டும் முன் தண்டு) வைத்தது. இரட்டை டயர் டிஸ்க்கில் நட் உள்ளே குழியில் உட்கார்ந்திருக்கிறது. குட்டை ஆன்வில் கன்னை வாங்கிவிட்டு எக்ஸ்டென்ஷன் மாட்டிக்கொள்ளுங்கள் என்றால், ஒவ்வொரு மூட்டிலும் இருக்கும் ஆட்டத்திலேயே அடியில் ஒரு பங்கு வீணாகிவிடும். அரை இன்ச் கன்னுக்கு அடாப்டர் போட்டு ஒரு இன்ச் பாக்ஸ் மாட்டினாலும் இதே நிலைதான்.

ஒரு இன்ச் கன் முழு இழுப்பில் 30 சி.எஃப்.எம்.-க்கு (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி) மேல் காற்று கேட்கும். 5 எச்.பி. கம்ப்ரசர் தருவது 20 பக்கம்தான், மீதியை டேங்க் தர வேண்டும். அதனால் பெரிய டேங்க், குறைந்தது அரை இன்ச் உள் விட்டமுள்ள ஹோஸ், அதற்கேற்ற கப்ளர், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், ஆயில் விடும் லூப்ரிகேட்டர் என்று எல்லாம் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். கன்னுக்கு மட்டும் காசு ஒதுக்கிவிட்டு ஹோஸுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்பது கன்னே வாங்காததற்குச் சமம். எடையையும் பாருங்கள். நீள ஆன்வில் வைத்த ஒரு இன்ச் கன் சாதாரணமாகப் பத்து கிலோவைத் தாண்டும். ஆறு சக்கர முனைகள், முனைக்குப் பத்து நட் என்றால் ஒரு வண்டிக்கு அறுபது நட். தூக்கிப் பிடிப்பது எங்கள் தோள். பக்கவாட்டுக் கைப்பிடி எங்கே இருக்கிறது, மேலிருந்து தொங்கவிட வளையம் இருக்கிறதா என்பதெல்லாம் கொட்டேஷன் தாளில் தெரியாது, கையில் பிடித்தால்தான் தெரியும். அதற்காகத்தான் திரும்பவும் சொல்கிறேன், எங்களைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி கன்னைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிகொண்டா டோலுக்கு அப்பால் வண்டி நின்றால் கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. முக்கால் இன்ச் பேட்டரி கன் அங்கே உண்மையிலேயே உதவும். மகிதா, போஷ், மில்வாக்கி எல்லோரும் நல்ல சாமான் செய்கிறார்கள். ஆனால் ஒரே பேட்டரியோடு வாங்காதீர்கள், வேலூர் வெயிலில் டூல் பாக்ஸில் வெந்துபோன பேட்டரி ஆறும்வரை சார்ஜர் ஏற்காது. உள்ளே அடிக்கும் ஹேமரோ ஆன்விலோ போனால் ஸ்பேர் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்ஸ் விஷயம் உயிர் விஷயம். பளபளவென்று குரோம் பூசிய கை பாக்ஸைக் கன்னில் மாட்டினால் என்றைக்காவது வெடிக்கும், சில்லு கண்ணுக்குப் போகும். கறுப்பு நிறத்தில் வரும் இம்பாக்ட் பாக்ஸ்தான் வேண்டும். செட்டோடு இலவசமாக வந்தது என்று அனுப்பிவைத்த குரோம் பாக்ஸ்களைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நட் ஏன் அசையவில்லை? துரு மட்டும் காரணமில்லை. அதற்கு முன் எங்கேயோ ஹைவே ஓரத்தில் டயர் மாற்றியபோது, கன்னை வைத்து விடாமல் அடித்து முறுக்கியிருக்கிறார்கள். இந்த வண்டிகளின் வீல் நட்டுக்குக் கையேட்டில் வருவது பெரும்பாலும் 600 நியூட்டன் மீட்டருக்கு அக்கம்பக்கம். கன்னுக்கு அந்தக் கணக்கு தெரியாது. நட் ஏறும் மரைத் தண்டான ஸ்டட் இழுபட்டு, அடுத்த ஆள் கழற்றமுடியாமல் பைப் போடுகிறான், இல்லையென்றால் ஸ்டட் ரோட்டில் ஒடிகிறது. கன்னில் லேசாக உட்காரவைத்துவிட்டு, எதிரெதிர் நட்டாக, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கி முடிக்க வேண்டும், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். நாங்கள் டார்க் ரெஞ்ச் கேட்டு எழுதிய சீட்டு இன்னும் ஆபீஸ் மேஜையில்தான் இருக்கிறது.

வண்டிக்கு ஜி.பி.எஸ். வந்தது, கேமரா வந்தது, டிரைவர் எங்கே டீ குடிக்கிறார் என்று ஆபீஸில் உட்கார்ந்தே பார்க்கிறீர்கள். புகைக் கட்டுப்பாட்டுக்கான பி.எஸ். 6 வண்டிகள் வந்து இத்தனை வருஷமாகியும், இன்ஜின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனருக்கு இன்னும் வெளியாளைத்தான் கூப்பிடுகிறோம். கன் சத்தத்துக்குக் காதடைப்பான் கேட்டால் சிரிக்கிறார்கள். சத்தத்தால் காது கேளாமல் போவது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே நோயாக எழுதப்பட்டிருந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் கன் அதிர்வில் விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக்குகள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எந்த ஷெட்டிலாவது விசாரித்துப் பாருங்கள். வண்டி நின்றால் எங்களைத் திட்ட வரும் நேரத்தில் பாதியை, சாமான் வாங்கும்போது எங்களோடு பேச ஒதுக்கியிருந்தால் அந்தப் பையனின் கை நன்றாக இருந்திருக்கும்.

சரி, கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் டீசல், டோல், தவணை என்று நெருக்கடி இருப்பது தெரியும், விலை உயர்ந்ததைத்தான் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மூன்று கடைக்காரர்களை அவரவர் கன்னோடு ஷெட்டுக்கு வரச் சொல்லுங்கள். இருப்பதிலேயே துருப்பிடித்த வண்டியை நிறுத்துகிறோம். காற்றை அளந்துவிட்டு, நட்டைக் கழற்றிப் பார்த்து, எது சரி என்று எழுதித் தருகிறோம். விலையை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்டு வீட்டில் இருக்கும் அந்தப் பையனுக்குக் கை சரியாகும்வரை சம்பளம் பிடிக்காமல், ஆஸ்பத்திரி செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹெவி டீசல் மெக்கானிக் ஒருவன்,
வேலூர்