மதுரை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் நம் தமிழ் சப்டைட்டில் வரிகள் வசனத்தோடு ஒட்டாமல் விலகி ஓடியது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. 'ஃபயர்ஃப்ளை' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் பதினான்கு பகுதிகளுக்கும் தமிழ் சப்டைட்டில் இப்போது உதட்டசைவோடு ஒட்டி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு கடைசிப் பகுதியின் கடைசி வரி சரியான இடத்தில் வந்து நின்றது. மனசு இன்னும் படபடவென்றுதான் இருக்கிறது. அது அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில், மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் இந்தத் தொடரின் ஒரு காட்சியைக்கூட அதுவரை பார்த்ததில்லை. யாரோ யாருக்கோ அனுப்பிய புலம்பல் கைமாறி அவரிடம் போயிருக்கிறது. அவர் அனுப்பியது ஒரு நிமிடம்கூட ஓடாத குரல் பதிவு. "எத்தனை நொடி தள்ளிப் போகுதுன்னு கேக்கலப்பா. முதல் வசனம் எவ்வளவு விலகுது, கடைசி வசனம் எவ்வளவு விலகுது, ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

முதல் வசனத்தில் விலகலே இல்லை. கடைசி வசனத்தில் ஒரு நிமிடம் 45 நொடிக்கு மேல். கேட்டதும் அவர் சொன்னது: "அப்ப இது தள்ளுற வேலை இல்ல, இழுக்குற வேலை."

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். சப்டைட்டில் செய்கிற யாரும் இதில் ஒருமுறையாவது விழுவார்கள். தொடர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. ப்ளூரேயில் நொடிக்கு 23.976 படக்கட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடும். ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் உரிய 'பால்' (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் நொடிக்கு 25. அதே படங்களைத்தான் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறார்கள். 44 நிமிடப் பகுதி அதில் 42 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். எங்கள் கோப்புகளில் நேரம் குறித்தது பால் டிவிடியை வைத்து; ஓட்டிப் பார்த்தது ப்ளூரேயில். அதனால் வரிகள் முந்திக்கொண்டு வந்தன. தொடக்கத்தில் தெரியாது. பத்தாவது நிமிடத்தில் 25 நொடி முந்தும், முடிவில் 1 நிமிடம் 48 நொடி. 86 நிமிட முதல் பகுதியில் மூன்றரை நிமிடம்.

பத்தாவது நிமிடத்தில் பார்ப்பவர் 25 நொடி தள்ளிவிடுவார். அங்கே சரியாகும், தொடக்கம் கெடும். அடுத்தவர் கோப்பை நான்காக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தள்ளுவார். அதற்குப் பிறகு எந்த ஒரு பெருக்கலாலும் அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஒரே கோப்புக்குள் நான்கு விதப் பிழைகள் சேர்ந்துவிட்டன. எங்கள் கோப்புகளில் ஒன்பது அந்த நிலைக்குத்தான் போயிருந்தன. அக்கா கேட்ட இரண்டாவது கேள்வி எங்களைக் காப்பாற்றியது: "யாரும் கை வைக்காத பழைய கோப்பு எங்கயாவது இருக்கா? மெயில்ல தேடுங்க." இருந்தது. மொழிபெயர்த்தவர் சரிபார்ப்பவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் இணைப்புகளில் ஒன்பதும் அப்படியே இருந்தன.

அதன்பின் வேலை சுலபம். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் கோப்பைத் திறந்து, நேரம் ஒத்திசைக்கும் பட்டியலில் படக்கட்ட வேகத்தை மாற்றும் இடத்துக்குப் போய், 25-லிருந்து 23.976 என்று கொடுத்தால் எல்லா நேரமும் 1.0427-ஆல் பெருகிவிடும். பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே அளவு விலகினால் அதுதான் தள்ளுகிற வேலை. தொடக்கம் சரியாக இருந்து முடிவு மட்டும் விலகினால் இழுக்கிற வேலை. நடுவில் ஓரிடத்தில் திடீரென்று எகிறினால் இரண்டு பதிப்பிலும் வெட்டு வேறு என்று அர்த்தம். அந்த இடத்திலிருந்து கீழே உள்ளதை மட்டும் தள்ள வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டிவிடியின் வேகத்தைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி எந்தக் கையேட்டிலும் நாங்கள் பார்க்காதது. இரண்டு தட்டிலும் தலைப்புப் பாடலை ஓடவிட்டுக் கேட்கச் சொன்னார். 25-இல் ஓடுவது பெரும்பாலும் சுருதி ஏறிக் கேட்கும், அரைக் கட்டையைவிடக் கொஞ்சம் குறைவாக. அதைப் பாடிய சன்னி ரோட்ஸின் கரகரத்த குரல் ஒன்றில் இளைத்துப்போயிருந்தது. கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்தை இப்படிக் கேட்டுக் கேட்டே பழகிய காது அவருடையது.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். சரி பார்க்கிறேன் என்று பதினான்கையும் உட்கார்ந்து பார்த்தார். பகல் முழுக்க ஆல்பம் வேலை, இரவில் இது. பகுதி வாரியாக நிமிடமும் நொடியும் குறித்து அனுப்பினார், 61 இடங்கள். பதினான்காவதின் குறிப்புக்குக் கீழே ஒரு வரி: "பதினஞ்சாவது கோப்பு இன்னும் வரலையே?"

அதற்கு உடனே பதில் எழுத எங்களால் முடியவில்லை. பதினான்கோடு தொடரை நிறுத்திவிட்டார்கள், பதினைந்தாவது இல்லை என்பதை ஒருவருக்கு முதல் முறையாகச் சொல்வது எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். மறுநாள் அவர் கேட்ட கேள்விகள், 2002 டிசம்பரில் ரசிகர்கள் கேட்ட அதே கேள்விகள். ஒன்பது பேர் ஒரு விண்கப்பலில் ஏறுகிற கதையை, ஏறிய பிறகான இடத்திலிருந்து ஏன் தொடங்கினார்கள்? முதல் பகுதியை ஏன் கடைசியில் போட்டார்கள்?

ஆண்டுகள் போனாலும் இந்த மனக்குறை ஏன் ஆறவில்லை என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். காரணம் எங்கள் கோப்புப் பெயர்களிலேயே இருக்கிறது. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் எழுதிய, விளம்பரங்களோடு இரண்டு மணி நேரம் ஓடும் தொடக்கப் பகுதி 'செரினிட்டி'. ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதை ஏற்காததால், ஒரு வார இறுதிக்குள் வீடனும் டிம் மினியரும் எழுதியதுதான் 'த ட்ரெயின் ஜாப்'. 2002 செப்டம்பர் 20 வெள்ளிக்கிழமை அதுதான் முதலில் வந்தது. ஆறாவதாக வரவேண்டிய பகுதி மூன்றாவதாக வந்தது, நான்காவதும் ஐந்தாவதும் நவம்பருக்குப் போயின. நடுவில் பேஸ்பால் ஆட்டங்களுக்காக ஒரு வாரம் விட்டுப்போனது. 'செரினிட்டி' டிசம்பர் 20 அன்று, பதினொன்றாவதாக, தொடரை நிறுத்துவது என்று முடிவான பிறகு வந்தது. எடுத்த பதினான்கில் மூன்று அந்த ஒளிபரப்பில் வரவே இல்லை: 'ட்ராஷ்', 'த மெசேஜ்', 'ஹார்ட் ஆஃப் கோல்ட்'. 2003 டிசம்பரில் டிவிடி வந்தபோதுதான் வரிசை சரியானது.

இன்றைக்கும் சில மென்பொருள்கள் ஒளிபரப்பு வரிசையைப் பார்த்துப் பெயர் வைக்கும். அப்போது 'செரினிட்டி'க்குப் பதினொன்று என்ற எண் விழும். நம் முதல் கோப்பு 'ட்ரெயின் ஜாப்'பில் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் ரயில் ஓடும், கீழே போர்க்கள வசனம் வரும். நேரம்தான் கெட்டது என்று நினைத்து மறுபடி தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எண்ணை நம்பாதீர்கள். கோப்பைத் திறந்து முதல் மூன்று வசனங்களைப் படித்துப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். அன்று வரிசையைக் கலைத்ததன் பலனை இன்னும் ஒவ்வொரு புதுப் பார்வையாளரும் அனுபவிக்கிறார். இதைப் பழைய கதை என்று எப்படி விடுவது?

தொடர் நிற்கப்போகிறது என்ற செய்தி படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தது 'த மெசேஜ்' எடுத்துக்கொண்டிருந்தபோது. அதன் முடிவில் பனி பெய்யும் இறுதிச் சடங்குக் காட்சிக்குக் கிரெக் எட்மன்சன் போட்ட இசையைத் தொடருக்கே விடை சொல்லும் இசையாகத்தான் நினைத்துச் செய்தார். அந்தக் காட்சிக்கு வரிகளை இறக்கியவருக்குத் தனி நன்றி. இசைக்குள் எழுத்து புகுந்துவிடாமல், ஒவ்வொரு வரியும் குரல் நின்றவுடன் மறைகிற மாதிரி செய்திருக்கிறார். மற்ற இடங்களில் வாசிக்க வசதியாக அரை நொடி கூடுதலாக நிற்கவிட்டோம். அங்கே மட்டும் விடவில்லை. அதுதான் சரி.

இனி மற்ற எல்லோருக்கும் சேர்த்து.

சீன மொழியில் வரும் வசவுகளை மொழிபெயர்க்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு நன்றி. மூலத்திலேயே அவற்றுக்கு விளக்கம் கிடையாது; பார்ப்பவர் தொனியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சொல்லுக்கு மட்டும் அவரே விலக்குக் கொடுத்தார். சைமன் தன் தங்கை ரிவரைச் சீனத்தில் கூப்பிடும் சொல்லை ஒலிப்படி எழுதினால் 'மெய்மெய்' என்று வரும். தமிழில் அதைப் படிப்பவர் உண்மை உண்மை என்றுதான் எடுத்துக்கொள்வார். 'தங்கச்சி' என்று போட்டோம்.

'ஷைனி'க்கு 'சோக்கு' என்று கொடுத்த யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு நன்றி. நல்லது, சரி, பிரமாதம் என எல்லாவற்றுக்கும் தொடரில் வருபவர்கள் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் 'ஷைனி'. அதற்கு ஈடான தமிழ்ச் சொல் இரண்டு வாரம் தேடியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சென்னைக்காரர்களும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள். கப்பலின் மெக்கானிக் கெய்லி வாயில் அந்தச் சொல் எவ்வளவு இயல்பாக உட்காருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மெய்ப்புப் பார்த்த நால்வருக்கும் நன்றி. 'கௌ' என்று வரவேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் போட்டு 'கெள' என்று அடித்திருந்ததை வரிவரியாகப் பிடித்தவர்கள் அவர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும், தேடும்போது சிக்காது. காலுக்குப் பதில் ரகரம் அடிப்பதும் அப்படித்தான். வாசிப்பு வேகம் அதிகம் என்று மென்பொருள் சிவப்புக் காட்டிய இடங்களிலெல்லாம் வசனத்தை வெட்டிவிடாமல் தடுத்தவர்களும் அவர்களே. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளையும் தனியாக எண்ணும் மென்பொருளுக்கு ஏழு. தமிழுக்கு அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டால் நல்ல வசனமெல்லாம் குறைப்பிரசவமாகிவிடும். வரிக்கு 35 எழுத்து, திரைக்கு இரண்டு வரி என்று அவர்கள் வைத்த கணக்குச் சரியாக இருந்தது.

பழைய தொலைக்காட்சிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்று 'கெ' சிதறுவதைச் சரிசெய்து கொடுத்தவருக்கும் நன்றி. அது கோப்பின் குற்றமில்லை. அந்தப் பெட்டிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் சேர்த்த எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைக் கொண்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில், எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிட்டால் எந்தப் பெட்டியிலும் சரியாகத் தெரியும். உங்கள் சொந்தத் தட்டிலிருந்து, உங்கள் வீட்டுக்காக மட்டும் செய்துகொள்ளுங்கள். படக்கோப்பை யாரிடமும் கேட்காதீர்கள். நாங்கள் கொடுப்பது சப்டைட்டில் கோப்பு மட்டும். எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியாக வந்தால் யாரோ யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கம் இல்லாமல் சேமித்திருக்கிறார்கள். அந்தப் பிரதியை எறிந்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்தி மீட்க முடியாது.

அக்காவுக்குக் கடைசியில் பதில் எழுதினோம். பதினைந்தாவது இல்லை, டிவிடி விற்ற விற்பனையாலும் ரசிகர்கள் விடாமல் நின்றதாலும் 2005 செப்டம்பர் 30 அன்று ஒரு திரைப்படம் வந்தது, அதற்குத் தமிழ் வரிகள் இன்னும் செய்யவில்லை என்று. "அப்ப செய்யுங்க. நேரம் நான் பாத்துத் தர்றேன்" என்றார்.

செய்கிறோம், அக்கா. இந்த முறை 23.976-இல்தான் தொடங்குவோம். மொழிபெயர்த்த அன்றே கை வைக்காத பிரதி ஒன்றை மூன்று இடத்தில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் வீடன் நினைத்த வரிசை எண் முன்னால் இருக்கும், எந்தத் தட்டை வைத்து நேரம் குறித்தது என்பது பின்னால் இருக்கும்.

பதினான்கு கோப்புகளையும் எடுத்துக்கொண்டவர்கள் எங்காவது விலகல் கண்டால் முதல் வசனம் எத்தனை நொடி, கடைசி வசனம் எத்தனை நொடி, உங்கள் தட்டு எந்த முறை என்ற மூன்றை மட்டும் எழுதி அனுப்புங்கள். நீங்களாகத் தள்ள வேண்டாம்.

நன்றியுடன்,
சப்டைட்டில் குழுவினர்