இரண்டாம் பாகம் எழுதும் மாப்பிள்ளைக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ
நவம்பர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். குடமுருட்டியில் தண்ணீர் முட்ட ஓடுகிறது, தாளடி நடவும் முடிந்தது என்று அக்கா போனில் சொன்னாள். இங்கே இந்த மாதம் முதல் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு. வேலை அதே மல்டிபிளெக்ஸில், அதே புரொஜெக்டர் அறையில்தான்.

'டெர்மினேட்டர்' ஹாலிவுட் தொடரின் ஆறாம் படமான 'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தாய். உன் லஸ்கர் (மதகு திறந்து மூடும் பணியாளர்) கதைக்கு இரண்டாம் பாகம் எழுதப் போகிறாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இங்கே படம் ஓடும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரீல் பெட்டியெல்லாம் கிடையாது. படம் ஹார்ட் டிஸ்கில் வரும். சர்வரில் ஏற்றிவிட்டாலும் உடனே ஓடாது. தனியாக ஒரு டிஜிட்டல் சாவி வர வேண்டும். எந்த சர்வர், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அந்தச் சாவிக்குள்ளேயே எழுதியிருக்கும். வியாழன் சாயங்காலமே காட்சி தொடங்கிவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வசூலைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை அடுத்த வாரத்துக்கு எந்தப் படம் எந்தத் திரை என்று பிரிப்பார்கள். அந்த மூன்று நாளில் தடுமாறிய படம் பெரிய திரையிலிருந்து கடைசி மூலையில் இருக்கும் சின்னத் திரைக்குப் போய்விடும். வாய்வழியாகப் பேர் கிடைத்து மூன்றாவது வாரம் எழுந்து நிற்பது இங்கே அபூர்வம்.

'டார்க் ஃபேட்' 2019 நவம்பர் 1 அன்று வட அமெரிக்காவில் வெளியானது. முதல் மூன்று நாள் வசூல் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர். எடுக்க ஆன செலவு சுமார் 18 கோடியே 50 லட்சம். உலகம் முழுக்க மொத்தம் 26 கோடி சொச்சம் வந்தது. லாபம்தானே என்று தோன்றும். தியேட்டர்காரர் பங்கு ஏறக்குறைய பாதி போய்விடும், விளம்பரச் செலவு அதற்கு மேல் தனி. மிச்சம் போட்டுப் பார், கையைக் கடித்தது புரியும்.

கதைக்கு வருகிறேன். 1984-இல் 'டெர்மினேட்டர்' முதல் படம் சுமார் 64 லட்சம் டாலரில் முடிந்தது. 1991-இல் இரண்டாம் படத்துக்குச் சுமார் 10 கோடி. பணம் ஏறியது என்பதற்காகக் கதையை அப்படியே பெரிதாக்கவில்லை. முதல் படத்தில் சாராவைக் கொல்ல வந்த அதே உருவம், அர்னால்டு நடித்த டி-800 இயந்திரம், இரண்டாவதில் அவள் மகன் ஜானைக் காக்க வருகிறது. பயந்து ஓடிய பரிமாறும் பெண் சாரா, மனநல மருத்துவமனைக்குள் புல்-அப் எடுக்கும் போராளி ஆகிவிட்டாள். யாரையும் கொல்லாதே என்று சிறுவன் ஜான் உத்தரவு போட்டதும், அந்த இயந்திரம் முட்டிக்குக் கீழே சுட ஆரம்பிக்கிறது. எதிரியான டி-1000 உருகிய உலோகம். ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. கத்தி, கூர்முனை போல எளிய வடிவங்களாக மாறலாம். வெடிமருந்தும் அசையும் உறுப்புகளும் உள்ள துப்பாக்கியாக மாற முடியாது. இதை வசனத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவதால் அடுத்து எது நடக்கலாம், எது நடக்காது என்று பார்ப்பவனுக்கே தெரியும். பயம் அங்கேதான் பிறக்கிறது.

நம்மூரில் குறுவை அறுத்த அதே வயலில்தான் தாளடி வைக்கிறோம். அதற்காகக் குறுவைக்குப் போட்ட ஆடுதுறை 36 நெல் ரகத்தையே திரும்பப் போடுவார்களா? ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ எடுத்துப் பதராகப் போகும். பருவம் மாறினால் ரகத்தை மாற்ற வேண்டும். 1991-இல் அதைச் செய்தார்கள், 2019-இல் செய்யவில்லை.

கிராஃபிக்ஸ் விஷயத்தில் ஒன்று கவனி. இரண்டாம் படத்தில் கணினி வரைந்தது மொத்தமே ஐந்து நிமிடத்துக்குச் சற்று முன்பின்தான். மருத்துவமனைக் காவலாளியின் உருவத்தை டி-1000 எடுத்துக்கொள்ளும் இடத்தில் நிஜ இரட்டையரை நிறுத்தினார்கள். சாரா இரண்டு பேராகத் தெரியும் இடத்தில் லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி. குண்டு பட்டு மார்பு விரியும் காயங்கள் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த ஸ்பிரிங் பொறி. உன் பட்ஜெட்டில் இந்த வழிதான் கட்டுப்படியாகும்.

இனி விழுந்த இடம். இரண்டாம் படத்தின் முடிவில், மனிதரை அழிக்கக் கிளம்பும் கணினியான ஸ்கைநெட் பிறக்கக் காரணமான எல்லாச் சில்லுகளும் அழிந்தபின் கடைசிச் சில்லு தன் தலைக்குள் இருக்கிறது என்கிறது டி-800. தன்னைத் தானே அழித்துக்கொள்ள அதற்கு அனுமதி இல்லை. பொத்தானைச் சாரா அழுத்த, உருகிய இரும்புக்குள் இறங்குகிறது. அதுதான் கொடுத்த விலை.

'டார்க் ஃபேட்' மூன்று, நான்கு, ஐந்தாம் படங்களைக் கணக்கிலேயே எடுக்காமல் இந்த முடிவுக்கு நேரடித் தொடர்ச்சியாக வருகிறது. வந்த சில நிமிடத்தில், 1998-இல் குவாத்தமாலாவில் இன்னொரு டி-800 ஜானைச் சுட்டுவிடுகிறது. ஜானைக் கொன்றது துணிச்சல் என்று சிலர் சொல்வார்கள். கொன்றதில் எனக்கு வழக்கில்லை. ஜானின் நாற்காலியில் டானி என்ற பெண்ணை உட்காரவைத்து, ஸ்கைநெட் இருந்த இடத்தில் லீஜியன் என்று பெயர் மாற்றி, பழைய துரத்தலையே மறுபடி நடத்தினார்கள் பார், அதில்தான் வழக்கு. சாராவின் பாடு முழுக்க ஒரு பெயர்ப்பலகை மாற்றத்துக்காக என்று ஆகிவிட்டது.

1986-இல் 'ஏலியன்ஸ்' படத்தில் பாடுபட்டுக் காப்பாற்றிய நியூட் என்ற சிறுமியையும் ஹிக்ஸ் என்ற வீரனையும் 1992-இல் 'ஏலியன் 3' தொடங்கும்போதே கொன்றார்கள். 'ஏலியன்ஸை' எழுதி இயக்கிய ஜேம்ஸ் கேமரன் 'டார்க் ஃபேட்' கதைக்குழுவில் இருந்தார். பட்டும் தெரியவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. 'டெர்மினேட்டர்' இரண்டாம் படத்தை எழுதியவர்கள் இரண்டே பேர். 'டார்க் ஃபேட்' படத்தில் கதைக்கு ஐந்து பெயர், திரைக்கதைக்கு மூன்று.

எதிரியும் சரியில்லை. டானியைக் கொல்ல வரும் ரெவ்-9 இயந்திரம் எலும்புக்கூடாகவும் திரவமாகவும் இரண்டாகப் பிரியும். ரெவ்-9-ஆல் எது முடியாது என்று படம் எங்கேயும் உறுதியாகச் சொல்லவில்லை. எல்லாம் செய்ய முடிகிற எதிரியிடம் பயம் வராது, அலுப்புதான் வரும். டானியைக் காக்க வரும் கிரேஸ் பாத்திரத்தை மட்டும் திரும்பப் பார். உடம்பு மேம்படுத்தப்பட்ட மனிதப் பெண். சண்டை முடிந்ததும் சுருண்டு விழுந்து மருந்து கேட்கிறாள். காப்பவளுக்கு இப்படி ஒரு குறை வைத்தது நல்ல யோசனை. ஆனால் அதைப் பிறகு நழுவவிட்டுவிட்டார்கள். அர்னால்டு திரைச்சீலை வியாபாரம் செய்யும் கார்லாக வருவது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து. நம்மூரில் இடைவேளை விடும் நேரம் அது. இங்கே இடைவேளையே கிடையாது, 128 நிமிடமும் ஒரே மூச்சு. அந்தத் தொய்வு இங்கே இன்னும் கூடுதலாகத் தெரியும்.

விமானச் சண்டையும் அணைக்கட்டுச் சண்டையும் ஒரே இருட்டு. திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்பது விதி. புரொஜெக்டரின் செனான் விளக்கு பழசானால் அது குறைந்துகொண்டே போகும். இருட்டுக் காட்சிதான் முதலில் சேறாகும். எந்தத் தியேட்டரில், எப்படிப்பட்ட விளக்கில் ஓடும் என்று தெரியாமல் கடைசிச் சண்டையை ராத்திரியில் வைக்காதே.

உரிமைக் கூத்தும் உண்டு. இரண்டாம் படத்தை எடுத்த கரோல்கோ 1995-இல் திவால். நான்காவதை எடுத்த ஹால்சியன் 2009-இல் திவால். நான்கு, ஐந்து, ஆறு மூன்றையுமே ஆளுக்கொரு புது முப்படத் தொடரின் முதல் பாகமாகத்தான் திட்டமிட்டார்கள். மூன்றும் முதலோடு நின்றன. அடுத்ததில் சொல்லலாம் என்று ஒளித்துவைத்தது எதுவும் வெளியே வரவே இல்லை.

உன் கதைக்கு வருகிறேன். கல்லணை மதகுகளைத் தானே திறந்து மூடும் இயந்திரத்தை நிறுத்த லஸ்கர் உயிரைவிட்டார், முதல் பாகம் முடிந்தது. இரண்டாவதில் அந்த இயந்திரம் வேறு பெயரில் வரும் என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. இயந்திரம் ஒழிந்தபின் முறை வைத்துத் தண்ணீர் விடப்போவது யார்? தலைமடையில் இருப்பவன் கடைமடைக்காரனுக்கு விடுவானா? கதையை நாகப்பட்டினம் பக்கம் கடைமடைக்கு நகர்த்து. லஸ்கர் மகள் கையில் ஷட்டர் சாவியைக் கொடு. அவளால் எது முடியாது என்பதை முதல் பத்துப் பக்கத்துக்குள் எழுதிவிடு.

எழுதி முடித்ததும் அனுப்பு. பக்க எண் போட்டு அனுப்பு, போன தடவை போடவில்லை.

அன்புடன்,
மாமா