சித்தப்பா, அந்த ‘ணா’ நீங்கள் எழுதியதுதானா?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா? நீங்கள் போனில் எதையும் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். தங்கச்சிதான் படித்துக் காட்டப்போகிறாள். அவளை மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்த போர்டு எழுதுகிற வேலையைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். இதை வீட்டுக்குள் பேசி முடிக்காமல் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், வேலூரில் இருக்கிற மற்றவர்களுக்கும் இது காதில் விழ வேண்டும் என்பதுதான்.

அக்காவைப் பார்க்க மலேசியாவில் இருக்கிற பினாங்கு போய் வந்தேன். அங்கே ஜார்ஜ் டவுன் என்ற பழைய நகரம் 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் லாங் பஜாரை அகலப்படுத்தி, கடைகளுக்கு முன்னால் நிழல் நடை விட்டுக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ஊர். தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் சூலியா என்ற பெயரில் ஒரு தெரு இருக்கிறது. 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் கையில் வரைபடத்தோடு தெருத் தெருவாகச் சுற்றுவது சுவர்களைப் பார்க்க. 2012-ல் அந்த ஊர்த் திருவிழாவுக்காக எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் சில சுவர்களில் படம் வரைந்தார். ஆர்மீனியன் தெருவில் ஒரு சிறுமி சைக்கிள் ஓட்டுகிறாள், பின்னால் தம்பி அவளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகள் இரண்டு பேரும் பெயின்ட். சைக்கிள் மட்டும் நிஜம், சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வரிசை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கோட்டுச் சித்திரங்கள். மொத்தம் 52. ஒவ்வொன்றும் அது மாட்டியிருக்கிற தெருவின் கதையைத்தான் சொல்கிறது: அந்தத் தெருவில் என்ன தொழில் நடந்தது, யார் இருந்தார்கள், பெயர் எப்படி வந்தது. செருப்பு உலகத்தில் பெரிய பேர் வாங்கிய ஜிம்மி சூ தொழில் கற்றுக்கொண்ட தெருவில் அவரைப் பற்றி ஒன்று இருக்கிறது.

சினிமா பிடித்த இடங்களையும் அக்கா காட்டினாள். லீத் தெருவில் நீல நிற மாளிகை ஒன்று, சியோங் ஃபாட் ட்ஸே என்ற சீன வணிகர் கட்டியது. 1992-ல் வந்து ஆஸ்கார் வாங்கிய ஒரு பிரெஞ்சுப் படத்தை அங்கே எடுத்திருக்கிறார்கள். கதை நடப்பது வியட்நாமில். 2015-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஒரு தொடருக்கு, நம் ஷிம்லாவாக நடித்ததே பினாங்குதானாம். ஓர் ஊர் இன்னோர் ஊராக வேஷம் கட்டுகிறது என்று அக்கா சொன்னபோது எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். கோட்டைப் பக்கம் ஷூட்டிங் என்று நீங்கள் ராத்திரி வீட்டுக்கே வரவில்லை. கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் உள்ளே படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும், அவர்கள் வெளியே ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டார்கள். விடிவதற்குள் அந்தத் தெரு 1940-க்குப் போக வேண்டும். புதுப் போர்டுகளை மறைக்கப் பழைய போர்டுகள் வேண்டும் என்று உள்ளூர் பெயின்டர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார்கள், அதில் நீங்கள் ஒருவர். ‘வெற்றிலை மண்டி’ என்று எழுதச் சொல்லி ஒரு பேப்பரில் மாதிரி கொடுத்தார்கள். நீங்கள் பிரஷ்ஷை எடுக்கவே இல்லை. “இந்த லை அப்போ கிடையாதுங்க” என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் இன்று எழுதுகிற லை, ணா போன்ற 13 எழுத்துகள் 1978-ல் அரசாணை போட்டு மாற்றியவை. அதற்கு முன்னால் லை-க்கு இணைக்கொம்பு கிடையாது. ல-வின் முன்னால் யானை தும்பிக்கை தூக்கியது போல ஒரு வளைவு ஏறும். ணா-வுக்கும் தனிக்கால் கிடையாது, ண-வின் முடிவே கீழே இறங்கிச் சுழியும். ஆக, 1940-ல் நடக்கிற கதையில் இணைக்கொம்பு போட்ட லை வந்தால் அது தப்பு. நீங்கள் தும்பிக்கை லை போட்டு எழுதி, பழசாகத் தெரிவதற்காக டீத்தூள் தண்ணீரைத் துணியில் தொட்டு ஒற்றி எடுத்ததாகச் சொன்னீர்கள். படம் வந்ததும் குடும்பத்தோடு போனோம். ஜனங்கள் ஓடுகிற காட்சியில் அந்தப் போர்டு ஒரு கண் சிமிட்டலுக்கு வந்துபோனது. சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நீங்கள் திரையைப் பார்க்காமல் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பினாங்கிலிருந்து திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கிளம்பினேன். நம் ஊர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் நடக்க முடியாது. கோட்டையில்தான் ஆரம்பித்தேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிய குதிரைகளையும் யாளிகளையும் தூண் தூணாகப் பார்த்தேன். சாமி இல்லாத கோயில் என்று இந்த ஊரைச் சொன்ன காலம் 1981-ல் முடிந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகு இன்று கூட்டம் நெருக்குகிறது. சாமி இல்லாத அத்தனை வருடமும் அந்தத் தூண்கள் யாருக்காகக் காத்திருந்தன என்று நினைத்துக்கொண்டே அகழியைச் சுற்றி வெளியே வந்தேன்.

அப்புறம் லாங் பஜார். கடைகள் திறக்காத நேரத்தில் அந்தத் தெருவை நீங்கள் பார்க்க வேண்டும், சித்தப்பா. ஷட்டர் மூடியிருக்கும்போதுதான் எழுத்து தெரிகிறது. தமிழுக்குப் பக்கத்தில் உருது, அது வலமிருந்து இடமாக ஓடுகிறது. எனாமல் பெயின்ட்டில் சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பீர்களே, அதற்காகவே ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்புக்காரத் தெருவுக்கும் போனேன். பெயரிலேயே தொழில் இருக்கிறது. நீங்கள் சுவர் விளம்பரம் எழுதும்போது முதலில் அடிக்கிற வெள்ளை, அதில் கலக்கிற நீலம், கலர்ப் பொடியோடு காய்ச்சிச் சேர்க்கிற வஜ்ஜிரப் பசையின் நாற்றம் எல்லாம் அந்தத் தெருமுனையில் ஞாபகம் வந்தது. பினாங்காக இருந்தால் அங்கே கம்பியில் ஒரு சுண்ணாம்புக்காரர் நின்றிருப்பார்.

நம் ஊரிலும் இப்போது சுவர்களில் படம் வரைகிறார்கள். நல்ல விஷயம்தான், குப்பை கொட்டுவதும் சிறுநீர் கழிப்பதும் குறைகிறது. ஆனால் நான் பார்த்த ஒரு நீளச் சுவர் முழுக்க நீர்வீழ்ச்சி, மான், பனிமலை. வரைந்த கைகளில் திறமை இருக்கிறது. அந்தக் கைகளிடம் பாலாற்றையும் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியற்காலையையும் நம் ஊர் முள்ளுக் கத்தரிக்காயையும் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாக பாபு ராவ் தெரு. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள், மெஸ்கள், மருந்துக் கடைகள், எங்கே பார்த்தாலும் வங்காள எழுத்து. கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிறவர்களுக்கு இந்தத் தெருவில்தான் சொந்த ஊர் மீன் குழம்பு கிடைக்கிறது. வங்காளம் ஒரு வார்த்தை தெரியாமல் நீங்கள் அங்கே எத்தனை போர்டு எழுதினீர்கள்! நோயாளியோடு வந்த யாராவது ஒருவர் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுப்பார். நீங்கள் நூலில் சாக் பவுடர் தடவித் தெறித்து மேல்கோட்டை முதலில் போடுவீர்கள், பிறகு கொடியில் துணி காயப்போடுவது மாதிரி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவீர்கள். எழுதி முடித்ததும் அவரைப் படிக்கச் சொல்வீர்கள். அவர் சரியாகப் படித்தால்தான் ஏணியிலிருந்து இறங்குவீர்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு மனைவியைக் கூட்டிவந்த ஒருவர், போர்டைப் படித்துவிட்டு அழுதார் என்று ஒருமுறை சொன்னீர்கள். ஏன் அழுதார் என்று நான் அப்போது கேட்கவில்லை.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் கிடைக்கிறது, முகத்தையும் அச்சடிக்கலாம். கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பழைய எழுத்தை அழிக்கவில்லை, அதன் மேலேயே ஃப்ளெக்ஸை ஆணி அடித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பாபு ராவ் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடிச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் காற்றில் கிழிந்து தொங்குகிறது. கிழிந்த இடத்தில் ‘ணாச்சி’ என்ற மூன்று எழுத்து தெரிகிறது, அதற்குக் கீழே ‘மளி’ வரைக்கும். நிழல் இடது பக்கம் விழுகிறது. ணா பழைய ணா, வால் கீழே இறங்கிச் சுழிந்து, முடிகிற இடத்தில் கொஞ்சம் தடித்து நிற்கிறது. நான் ஆறாம் வகுப்பில் ஹாஸ்டலுக்குப் போனபோது என் தகரப் பெட்டி மூடியில் நீங்கள் என் பெயரை எழுதிக் கொடுத்தீர்கள். என் பெயரிலும் ஒரு ணா உண்டு. பள்ளியில் அதைத் தப்பு என்றார்கள், நான் மாற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தேன். பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதை இறக்கித் தூசி தட்டி, போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒரே கையாகத்தான் தெரிகிறது.

அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாக எதிர் டீக்கடையில் சொன்னார்கள். எப்போது என்று அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வாருங்கள். வேலூரில் இறங்கியதும் போன் செய்தால் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். நிறைய நடக்க வேண்டாம், ஆட்டோ பேசியிருக்கிறேன். இறங்க வேண்டிய இடங்களில் மட்டும் இறங்கலாம். நீங்கள் காட்டுவதை எல்லாம் படம் எடுத்து, யார் எழுதியது, எந்த வருடம், என்ன பெயின்ட் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். உங்களோடு எழுதியவர்களில் இப்போது இருப்பவர்களையும் கூட்டி வாருங்கள். தூரப் பார்வைக் கண்ணாடியை மறக்காதீர்கள், அந்த ணா மாடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்