மீத்தேன் எவ்வளவு குறைந்தது என்பதோடு, தொட்டியில் மிஞ்சிய தீவனத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறவை மாட்டின் ஏப்பத்தில் வெளியேறும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் கடற்பாசி கொடுத்துக் குறைக்கலாம் என்ற செய்தி சில ஆண்டுகளாகத் தமிழ் நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கிறது. இளம் ஆய்வாளர்களின் கவனம் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் திரும்பியிருப்பது தீவனத் துறையில் இருக்கும் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் செய்தியில் "80 சதவீதம் குறைந்தது" என்ற ஒரே எண்தான் இருக்கிறது. எந்தப் பாசி, எவ்வளவு, எந்தத் தீவனத்தோடு, பால் என்ன ஆனது என்று மாடு வைத்திருப்பவர் கேட்டால், அந்த ஒரு எண்ணை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எர்மியாஸ் கெப்ரியாபின் ஆய்வுக்குழுவில் அப்போது முனைவர் பட்ட மாணவியாக இருந்த பிரியானா ரோக் 2019-ல் வெளியிட்ட ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 12 ஹோல்ஸ்டீன் இனக் கறவை மாடுகள். அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியை உலர்த்திப் பொடித்து, தீவனத்தில் 0.5 சதவீதம், 1 சதவீதம் என இரண்டு அளவுகளில் கலந்தார்கள். வாடைக்கு மாடு முகம் திருப்பாமல் இருக்க மொலாசஸ் என்ற சர்க்கரைப் பாகுக் கழிவும் சேர்த்தார்கள். குறைந்த அளவில் மீத்தேன் 26 சதவீதமும், கூடுதல் அளவில் 67 சதவீதமும் குறைந்தது. செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அதே ஆய்வில், 1 சதவீதம் கொடுத்தபோது மாடுகள் தின்ற தீவனம் 38 சதவீதம் குறைந்தது, பாலும் 11.6 சதவீதம் குறைந்தது. 0.5 சதவீதம் கொடுத்தபோதுகூட தின்னும் அளவு ஏறத்தாழ 11 சதவீதம் இறங்கியது. இவை எல்லாவற்றையும் ரோக் தன் கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மீத்தேனைத் தடுக்கும் வேதிப்பொருளாகப் பாசியில் இருக்கும் புரோமோஃபார்மின் அளவு பாலில் கூடவில்லை என்பதையும் சோதித்துச் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் நேர்மையாகத் தந்த எண்களில் பாதியைச் செய்தி விட்டுவிடுவதுதான் எங்கள் வருத்தம்.

அந்த எண் நம் மாட்டுக்கு ஏன் அப்படியே பொருந்தாது என்பது, புரோமோஃபார்ம் செய்யும் வேலையைச் சொன்னால் புரியும். மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கும் இன்னொரு வகை நுண்ணுயிரி அங்கேயே இருக்கிறது. அந்த மீத்தேன் ஏப்பமாகப் போய்விடும். தீவனத்தில் உள்ள ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படி வீணாகிறது. பாசியில் உள்ள புரோமோஃபார்ம், மீத்தேன் உண்டாக்கும் கடைசிப் படியை அடைத்துவிடுகிறது. அடைபடுவதற்கு அது தீவனத்தின் ஒவ்வொரு வாயோடும் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்கப் பண்ணையில் நார், தானியம், புண்ணாக்கு எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கலந்து வைப்பதால் அது நடக்கிறது. நம் ஊரில் காலையும் மாலையும் கறவை நேரத்தில் தவிடும் புண்ணாக்கும் கலந்து தண்ணீர் காட்டுகிறோம். மீதி நேரமெல்லாம் வைக்கோலும் மேய்ச்சலும்தான். தவிட்டோடு போகும் பாசிப்பொடி சில மணி நேரம் வேலை செய்யும். அதற்குப் பிறகு மாடு தின்னும் வைக்கோலுக்குத் துணை எதுவும் இருக்காது.

நார் கூடினால் பாசியின் பலனும் குறைகிறது. அதே குழு 2021-ல் இறைச்சிக்கான காளைகளில் 21 வாரம் நடத்திய சோதனையில், தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் மிகுந்த உணவில்தான் அந்த 80 சதவீதம் கிடைத்தது. நார்த்தீவனம் மிகுந்த உணவில் ஏறத்தாழ பாதிதான் குறைந்தது. நம் மாடு தின்பது இரண்டாவது வகைக்கும் அப்பால் நிற்கிற வைக்கோல்.

பாசி பற்றி இன்னும் ஒன்று. ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுவது கப்பாஃபைக்கஸ். உணவுப் பொருள்களைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுப்பதற்கான பாசி அது. மீத்தேனைத் தடுக்கும் அளவுக்கு அதில் புரோமோஃபார்ம் கிடையாது. கடற்பாசி என்ற பெயரைப் பார்த்து அதை வாங்கி மாட்டுக்குப் போட்டால் உப்புதான் ஏறும். சரியான பாசியே கிடைத்தாலும் மணலில் பரப்பி வெயிலில் காயவைக்கக் கூடாது. புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகிவிடும். அதனால்தான் உறைநிலையில் உலர்த்துகிறார்கள், அல்லது எண்ணெயில் ஊறவைத்துச் சாற்றை எடுக்கிறார்கள். அயோடினும் அந்தப் பாசியில் மிக அதிகம். பாலில் அது எவ்வளவு சேர்கிறது என்று பார்க்காமல் நாள்தோறும் கொடுக்க முடியாது.

அப்படியானால் நம் மாட்டுக்கு என்ன வழி? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தின்னும் ஒவ்வொரு கிலோ உலர்பொருளுக்கும் (ஈரம் நீக்கிய தீவன எடைக்கும்) சுமார் 20 கிராம் மீத்தேன் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 9 கிலோ உலர்பொருள் தின்று 5 லிட்டர் கறக்கும் கலப்பின மாடு 180 கிராம் மீத்தேன் விடும். லிட்டருக்கு 36 கிராம். அதே மாடு செரிக்கக்கூடிய தீவனமாக 11 கிலோ தின்று 9 லிட்டர் கறந்தால் மொத்தம் 220 கிராம். லிட்டருக்கு 25 கிராம்கூட இல்லை. மாடு உயிரோடு இருப்பதற்கே செலவாகும் தீவனத்தின் பாரம் கூடுதல் பாலின் மேல் பங்கிடப்பட்டுவிடுகிறது. பாசியே இல்லாமல் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, மாடு வைத்திருப்பவருக்கு 4 லிட்டர் பாலும் கூடுகிறது.

அந்தக் கூடுதல் பாலை வரவிடாமல் பிடித்துவைத்திருப்பது வைக்கோல். நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். சிலிக்கா அதிகம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. யூரியா சேர்த்து ஊறவைத்தால் புரத அளவு 7 முதல் 8 சதவீதத்துக்கு உயரும், நாரின் கட்டும் தளரும். பல பத்தாண்டுகளாகப் பரிந்துரைக்கப்படும் இந்த முறை கிராமங்களில் நிலைக்காமல் போனதற்குச் செய்முறைப் பிழைகள் பெரிய காரணம். அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். யூரியா ஒரு குருணைகூட மிஞ்சாமல் கரைய வேண்டும். கரையாத கட்டி ஒரு மாட்டின் வாயில் போனால் அதுவே விஷம். தரையில் பாலித்தீன் விரித்து, வைக்கோலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, பூவாளியால் கரைசலைச் சீராகத் தெளித்து, நன்றாக மிதிக்க வேண்டும். அதன்மேல் அடுத்த அடுக்கு. காற்று எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. கடைசியில் தார்ப்பாயால் மூடி, விளிம்பு முழுக்க மண் அணைக்க வேண்டும். யூரியா அமோனியாவாக மாறி வைக்கோலுக்குள் ஊறுவதற்கு 21 நாள். பிரித்துப் பார்த்தால் வைக்கோல் பழுப்பேறி, கையில் மெத்தென்று இருக்கும். நெடி மூக்கைத் துளைக்கும். நெடி இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருந்து அமோனியா போய்விட்டது என்று பொருள். அங்கே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பூஞ்சணம் பிடித்திருக்கும். அந்தப் பகுதியை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும்.

இயந்திர அறுவடைக்குப் பிறகு வரும் உருளைக் கட்டுகளில்தான் இப்போது அதிகம் கெடுகிறது. கட்டைப் பிரிக்காமல் மேலே கரைசலை ஊற்றுகிறார்கள். அது நடுவரை இறங்குவதில்லை. வெளிப்புறம் நசநசத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது, உள்ளே வைக்கோல் பழையபடி காய்ந்தே கிடக்கிறது. கட்டைப் பிரித்து உதறித்தான் அடுக்க வேண்டும். வயலில் மழையில் நனைந்த வைக்கோலாக இருந்தால் அந்த ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், யூரியாவைக் குறைக்கக் கூடாது.

கொடுக்கும்போது அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரு பக்கமாக எடுத்து, ஒரு மணி நேரமாவது விரித்து ஆறவிட்டுப் போட வேண்டும். முதல் நாள் ஒரு கிலோ, அதுவும் சாதாரண வைக்கோலோடு கலந்து. ஒரு வாரத்தில் படிப்படியாக 4, 5 கிலோ வரை கூட்டலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம், குதிரைக்கும் பன்றிக்கும் கூடாது. தவிடோ அரைத்த தானியமோ கூடவே இருக்க வேண்டும். அந்த மாவுச்சத்து இல்லாவிட்டால் நுண்ணுயிரிகளால் அமோனியாவைப் புரதமாக்க முடியாது. தாது உப்புக் கலவை நாளைக்கு 50 கிராம். கரைசல் வைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால், மாடு அதைக் குடித்துச் செத்துப்போகலாம். குடித்துவிட்டால் அரை மணிக்குள் நுரை தள்ளும், உடல் நடுங்கும், வயிறு உப்பும். மருத்துவரை அழைத்துவிட்டு, மாடு நின்று விழுங்கும் நிலையில் இருந்தால் 2 முதல் 4 லிட்டர் வினிகரைக் குளிர்ந்த நீரோடு மெல்லப் புகட்டலாம். விழுந்துவிட்ட மாட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

நீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. காய்ந்த அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்பது உண்மை. ஆனால் பச்சை அசோலாவில் 94 சதவீதம்வரை தண்ணீர். 2 கிலோ போட்டால் மாட்டுக்குப் போவது 120 கிராம் உலர்பொருள், அதில் 30 கிராம் அளவுக்குப் புரதம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் இருப்பது 400 கிராமுக்கு மேல். கூடுதலாகக் கொடுக்க நல்லதுதான். புண்ணாக்கை நிறுத்திவிடலாம் என்று எழுதினால் பால் இறங்கும். மண் இல்லாமல் தட்டில் வளர்க்கும் மக்காச்சோள முளைத் தீவனத்திலும் இதே கதை: ஒரு கிலோ விதை ஐந்தாறு கிலோ பசுமையாவது தண்ணீரால்தான், உலர்பொருள் விதையில் இருந்ததைவிடக் குறைந்துதான் போகிறது.

நம் நாட்டு ஆய்வும் இதில் பின்தங்கி இல்லை. பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள தாவரப் பொருள்களைக் கொண்டு உருவாக்கிய 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்மானம் மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. பாசியின் எண்ணைவிடச் சிறியதாகத் தோன்றும். ஆனால் மூலப்பொருள் உள்நாட்டில் கிடைப்பது, அடர்தீவனத்தோடு கலந்து கொடுக்கக்கூடியது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் செய்ததையும் இங்கே நினைக்க வேண்டும். சூபாபுல் (சவுண்டல்) மரத்தின் தழை அதிகம் தின்ற மாடுகள் அங்கே அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருளால் நோயுற்றபோது, ஹவாய் ஆடுகள் மட்டும் அதைத் தின்று எப்படி நலமாக இருக்கின்றன என்று கேட்டார். அந்த ஆடுகளின் இரைப்பையில் விஷத்தை முறிக்கும் பாக்டீரியா இருப்பதைக் கண்டு, 1980-களில் அதை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றினார். அதற்கு அவர் பெயராலேயே சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். அங்குள்ள மாடு அங்குள்ள தழையைத் தின்னும்போது எழுந்த கேள்வி அது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்தத் தீவன ஆய்வு பற்றி எழுதினாலும், எத்தனை மாடு, எத்தனை நாள், உலர்பொருளில் எத்தனை சதவீதம் கலந்தார்கள், அடிப்படைத் தீவனம் என்ன, மாடு தின்றது கூடியதா குறைந்ததா, பாலும் கொழுப்பும் எஸ்.என்.எஃபும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எவ்வளவு என்பதைச் செய்தியாளர் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஐந்தாறு வரிதான் கூடும். கால்நடைக் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். புதிய சேர்மானத்தைச் சோதிக்கும்போது, அரைத்துக் கலந்த தீவனத்தோடு நிறுத்தாமல், யூரியா ஊட்டிய வைக்கோல் ஒரு பிரிவுக்கும் ஊட்டாத வைக்கோல் இன்னொரு பிரிவுக்கும் கொடுத்து, நாளைக்கு இருவேளை மட்டும் சேர்மானம் தந்து அளந்து பாருங்கள். அந்த முடிவு வரும்போது, அட்டவணையைச் சுருக்காமல் தங்கள் விவசாயப் பக்கத்தில் முழுதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால்நடைத் தீவனத் துறையில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.