ஃபுன்ஷாலிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறுக்கும் நேரத்தில் மழை பிடித்து, பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாக வெடித்துப் போனதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. கீழத் தோட்டத்துக் கொடியை வெட்டிவிட்டு வாழை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், ஒயின் கிடங்கில் வேலை என்றாலும் குடிக்கிற பழக்கம் வரவில்லை.

சாப்பாட்டுக்குக் கீழ்வீட்டுப் பாட்டி இருக்கிறார். கருத்த நீளமான மீனைப் பொரித்து, மேலே வாழைப்பழத்தையும் பொரித்து வைத்துக் கொண்டுவந்து தருவார். நான் முழுசாகச் சாப்பிடும்வரை வாசலை விட்டு நகரமாட்டார். மகன்கள் வெனிசுவேலா போய்ப் பல வருஷம் ஆகிறது. சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கும் இங்கே அவர்தான்.

போர்ச்சுகலைச் சேர்ந்த இந்த மதெய்ரா தீவு முழுக்க மலைதான் அப்பா. சரிவைப் படிப்படியாக வெட்டிக் கல் கட்டி, மலைத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து பாய்ச்சுகிறார்கள். திராட்சைக்கு நம்மூர் போலப் பந்தல் உண்டு. ஆனால் பல இடங்களில் நிமிர முடியாத உயரம், குனிந்தே அறுக்க வேண்டும்.

என் வேலை கிடங்கின் மேல்மாடியில். ஒயின் புளிக்கும்போதே நடுவில் திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நல்ல ஒயினைப் பீப்பாயில் நிரப்பிக் கூரைக்கு அடியில் மர உத்தரங்களில் வைத்துவிடுவார்கள். மற்ற ஊர்களில் ஒயினுக்குக் குளிர்ச்சி வேண்டும். இங்கே வெயிலின் சூடு ஏற ஏறத்தான் பக்குவம். முன்பு பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றி இந்தியா வரை அனுப்பித் திரும்பக் கொண்டுவருவார்களாம். வெப்பக் கடலில் வெந்து வந்ததற்குத்தான் மதிப்பு. எத்தனை பீப்பாய் நம் பக்கத்துக் கடலைப் பார்த்துவிட்டு வந்ததோ!

ஒரு மூலையில் தெரான்தெஷ் என்ற திராட்சையின் பீப்பாய்கள் சில நிற்கின்றன. அதைத் தின்னாதே, யாருக்கும் கொடுக்காதே, கடவுள் அதை ஒயினுக்கென்றே படைத்தார் என்று இந்தத் தீவில் ஒரு சொலவடை உண்டு. மெல்லிய தோல், நெருக்கமான கொத்து, ஈரம் பட்டால் அழுகிவிடும், விளைச்சலும் குறைவு. 1850களில் சாம்பல் நோயும் 1872இல் வேர்ப்பூச்சியும் வந்து தீவின் தோட்டங்களை அழித்தபோது, பலரும் சுலபமாக விளைகிற ரகத்துக்குப் போய்விட்டார்கள். இது ஏறக்குறைய அற்றே போயிற்று. இப்போது சிலர் மறுபடி நடுகிறார்கள். அறுத்த வருஷத்தைப் போட்டு விற்கிற உயர்ந்த ஒயின் மரப் பீப்பாயில் குறைந்தது 20 வருஷம் இருக்க வேண்டும். அதற்குள் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். இன்று நடுகிறவர் அதைக் குடித்துப் பார்ப்பாரா என்பதே நிச்சயமில்லை, ஆனாலும் நடுகிறார்.

கிடங்கு மேஸ்திரி ஒரு சொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். ஆரஞ்சுத் தோல், கருக்கின சர்க்கரை, கடைசியில் ஒரு கசப்பு. அந்தக் கசப்பு வெகுநேரம் போகவில்லை. அதற்காகவே தேடி வாங்குகிறார்களாம்.

போன வாரம் புதுத் திராட்சை வந்து இறங்கியது. கூடையிலிருந்து வாசனை எழும்பியதும் கை ஓடவில்லை. விடிகாலையில் நீங்கள் டார்ச்சோடு முன்னே போக, தங்கச்சியும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வருவோமே, அதெல்லாம் அப்படியே வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியை இறக்கினேன்.

சரி, தோட்ட விஷயம். கொடியை முழுக்க வெட்ட வேண்டாம். வாய்க்கால் ஓரத்து வரிசைகளில் வாழை வையுங்கள், கிணற்றுப் பக்கத்துப் பன்னீர் இருக்கட்டும். கம்பம் பன்னீருக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கவாத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் அறுப்பு மழைக்குத் தப்புமா என்று சுருளிப்பட்டி மாமாவிடம் கேளுங்கள். சாய்ந்த கல்தூணை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். ரூம் மாற்றினேன், அதனால்தான். வேறொன்றும் இல்லை. அம்மாவின் வளையலை மீட்க அவசரப்பட வேண்டாம், வட்டியை மட்டும் கட்டி வையுங்கள். அப்புறம், மாப்பிள்ளை வீட்டில் தேதி கேட்டால் வைகாசி என்று சொல்லுங்கள். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிணற்றுப் பங்கு விஷயமாகப் பெரியப்பா எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும், எனக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்