பிள்ளைகள் எழுதும் நிரலை எங்கே ஓடவிடுவது?

கோத்தகிரி
ஐப்பசி 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாக அடைமழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. கொடைக்கானலில் மேகம் இறங்கினாலே நெட் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளின் ஜாவாஸ்கிரிப்டை சர்வருக்கு அனுப்பாமல் பிரவுசரிலேயே ஓட்டிக் காட்ட நீ நினைப்பது சரிதான். ஆனால் நீ அனுப்பிய மாதிரியை அப்படியே வகுப்பில் வைத்துவிடாதே.

பிள்ளையின் நிரல் உன் பக்கத்தையும் நெட்டையும் தொடாமலிருக்க 'விண்டோ', 'டாக்குமென்ட்', 'ஃபெட்ச்' என்ற சொற்களைத் தேடித் தடுத்திருக்கிறாய். சல்லடையில் தண்ணீர் பிடிக்கிற வேலை அது. எந்த ஃபங்ஷனை எடுத்தாலும், ஸ்ட்ரிங்கிலிருந்து புது ஃபங்ஷனை உருவாக்கித் தரும் அதன் 'கன்ஸ்ட்ரக்டர்' கைக்கு வரும். அதற்கு 'ரிட்டர்ன் திஸ்' என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்து ஓட்டினால் முழு விண்டோவும் திரும்பி வந்து நிற்கும். அந்தச் சொல்லையும் தடுப்பாய். பையன் அதை இரண்டு துண்டாக எழுதி, நடுவில் கூட்டல் குறி போட்டு ஒட்டுவான்.

நிரல் ஓடும் இடத்தையே பிரித்துவிடு. ஓர் ஐஃப்ரேம் வை, அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கம். அதன் 'சாண்ட்பாக்ஸ்' அட்ரிபியூட்டில் நிரலை ஓடவிடும் 'அலோ-ஸ்கிரிப்ட்ஸ்' மட்டும் இருக்கட்டும். அப்போது பிரவுசர் அந்த ஃப்ரேமை யாரோடும் ஒட்டாத தனி ஒரிஜினாக, அதாவது வேறொரு தளமாகவே கருதும்; உன் தளத்தின் குக்கீ, லோக்கல் ஸ்டோரேஜ், மேல் பக்கத்தின் டாம் (பக்கத்தின் உறுப்புகள்) எதுவும் அதற்கு எட்டாது. லோக்கல் ஸ்டோரேஜ் கேட்டு எர்ரர் வருகிறதே என்று ஃப்ரேமுக்குத் தன் சொந்த ஒரிஜினைத் திருப்பித் தரும் 'அலோ-சேம்-ஒரிஜின்' சேர்ப்பவர்கள் உண்டு. உன் தளத்திலிருந்தே வரும் பக்கத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், உள்ளே இருக்கும் நிரல் மேலே ஏறி சாண்ட்பாக்ஸ் அட்ரிபியூட்டைக் கழற்றிவிட்டு ஃப்ரேமை மறுபடி லோட் செய்துகொள்ளும். பூட்டைப் போட்டு, சாவியை உள்ளே இருப்பவனிடமே கொடுப்பது போல.

உன் பக்கத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடக்கும் பேச்செல்லாம் செய்தி அனுப்பும் 'போஸ்ட்மெசேஜ்' வழியாகத்தான். வரும் செய்தியின் ஒரிஜின் 'நல்' என்ற எழுத்தாகவே இருக்கும், அதை நம்பிப் பயனில்லை. அனுப்பியது உன் ஃப்ரேமின் 'கன்டென்ட்விண்டோ' தானா என்று 'சோர்ஸ்' ஐ ஒப்பிட்டுப் பார். வந்த விடையை 'டெக்ஸ்ட்கன்டென்ட்' ஆக மட்டும் காட்டு. வந்த எழுத்தை ஹெச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளும் 'இன்னர்ஹெச்டிஎம்எல்' பக்கம் போகாதே.

அடுத்தது முடியாத லூப். ஐஃப்ரேம் இதற்கு உதவாது. ஃப்ரேமுக்குத் தனி பிராசஸ் கிடைப்பது பிரவுசரைப் பொறுத்தது. கிடைக்காவிட்டால் உன் பக்கமும் சேர்ந்து உறையும். அதே திரெட்டில், அதாவது அதே வேலை வரிசையில் வைத்த டைமரும் அடிக்காது. அதனால் ஃப்ரேமுக்குள் ஒரு பிளாபிலிருந்து (மெமரியிலேயே செய்த ஃபைல்) தனித் திரெட்டில் ஓடும் வொர்க்கரை உருவாக்கி, பிள்ளையின் நிரலை அதில் ஓட்டு. ஃப்ரேமில் டைமர் இருக்கட்டும். 2 வினாடி தாண்டினால் 'டெர்மினேட்' சொல்லி வொர்க்கரை நிறுத்திவிடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது வொர்க்கர், போன தடவை மிச்சம் வைத்த மாறிகளும் அதோடு ஒழியும். டைமரை வொர்க்கர் 'தயார்' என்று சொன்ன பிறகு தொடங்கு. பழைய போன்களில் வொர்க்கர் எழுந்து நிற்கவே நேரமாகும். பிள்ளையின் நிரலுக்கு முன்னால் நீ சேர்க்கும் நிரலை ஒரே வரியில் வைத்தால், எர்ரர் காட்டும் வரி எண்ணில் ஒன்றைக் கழித்தால் போதும். லூப்புக்குள் 'கன்சோல் லாக்' போட்டுக் கொட்டுபவனும் வருவான். செய்திகளை ஃப்ரேம் பக்கமே எண்ணு, 500 ஆனதும் நிறுத்து. வொர்க்கருக்குள் எண்ணினால் அவனே அதை மாற்றிவிடலாம்.

நெட்வொர்க்கை அடைக்க ஃப்ரேமின் மெட்டா டேகில் சிஎஸ்பி (எது எங்கிருந்து வரலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) போடு: 'டிஃபால்ட்' எதுவுமில்லை, ஸ்கிரிப்டுக்கு இன்லைனும் (பக்கத்திலேயே எழுதியது) பிளாபும், வொர்க்கருக்கு பிளாப். பிளாபில் பிறந்த வொர்க்கருக்கும் அதே விதி இறங்கும். ஃப்ரேமிலேயே ஓடும் நிரல், தகவலை முகவரியில் ஒட்டி, ஃப்ரேமையே வேறு தளத்துக்கு நகர்த்திவிடலாம். சிஎஸ்பி அதைப் பிடிக்காது. வொர்க்கருக்கு அந்த வழியே கிடையாது.

மிச்சம் இருப்பது மெமரி. வொர்க்கருக்கு உச்சவரம்பு வைக்க பிரவுசரில் வசதி இல்லை, வளர்ந்துகொண்டே போகும் ஒரு அர்ரே 2 வினாடிக்குள் டேபையே கவிழ்க்கலாம். அது பொறுக்காது என்றால், ஃபேப்ரிஸ் பெலார்ட் 2019-இல் வெளியிட்ட குவிக்ஜேஎஸ் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை வெப்அசெம்ப்ளியாக (பிரவுசரில் ஓடும் பைனரி நிரல்) எடுத்து வொர்க்கருக்குள் வை. அங்கே மெமரி 64 கேபி பக்கங்களாக அளக்கப்படும். உச்சம் 256 பக்கம் என்றால் 16 எம்பி. வேகம் குறையும், பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் பரவாயில்லை. நெட் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்கிறாய். நெட் இல்லாதபோது சேமித்த ஃபைல்களை எடுத்துத் தரும் உன் சர்வீஸ் வொர்க்கர் சாண்ட்பாக்ஸ் ஃப்ரேமுக்குள் எட்டாது, ஆகவே மேல் பக்கம் அந்த வெப்அசெம்ப்ளி ஃபைலை எடுத்து பைட்டுகளாக அனுப்பட்டும். கம்பைல் ஆன மாட்யூலை அனுப்பினால் போய்ச் சேராது. சிஎஸ்பியில் வெப்அசெம்ப்ளியை அனுமதிக்கும் 'வாசம்-அன்சேஃப்-ஈவல்' சேர்க்க மறக்காதே. முதல் தடவை எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் அது.

வர்க்கி பார்சல் போட்டிருக்கிறேன். மழையில் நமுத்திருந்தால் தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வாட்டி எடு.

அன்புடன்,
ரவி